ஸ்கூல் போர்டு வேட்பாளர் தன் பிறப்பு, படிப்பு, ஆரம்பகால வேலை பற்றி என்ன எழுதலாம், எப்படி எழுத வேண்டும்? கலிஃபோர்னியா கேள்வி பதில்

கலிஃபோர்னியாவில் 2026 நவம்பர் 3 தேர்தலில் ஸ்கூல் போர்டுக்கு (ஒரு வட்டாரத்தின் பொதுப் பள்ளிகளை நிர்வகிக்கும் 'பள்ளி டிஸ்ட்ரிக்டின்' ஆட்சிக் குழு) நிற்க நினைக்கும் நம்மவர்களும், யாருக்கு ஓட்டுப் போடுவது என்று யோசிக்கும் பெற்றோரும் கேட்ட கேள்விகள் இவை. இந்தத் தேர்தலில் கட்சியும் கிடையாது, சின்னமும் கிடையாது. பெரும்பாலான வாக்காளர்கள் வேட்பாளரை நேரில் பார்த்திருக்கவே மாட்டார்கள். வாக்குச்சீட்டில் பெயருக்குக் கீழே அச்சாகும் மூன்று சொல் தொழில், வாக்காளர் கையேட்டில் வரும் 200 சொல் குறிப்பு, இவை இரண்டைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். ஆகவே அங்கே எழுதும் ஒவ்வொரு சொல்லுக்கும் கையில் ஆதாரம் இருக்க வேண்டும். கீழே உள்ள பதில்கள் எல்லாம் அதைச் சுற்றித்தான்.

கேள்வி: அக்கா, நான் விழுப்புரம் பக்கம் பிறந்து அங்கேயே படித்தவன். அமெரிக்காவில் ஒரு நாள்கூட வகுப்பில் உட்கார்ந்ததில்லை. நான் நிற்கலாமா? "இங்கே பிறக்காதவர்" என்று எதிர்த்தரப்பு கிளப்பினால்?

தாராளமாக நிற்கலாம் தம்பி. கல்விச் சட்டம் பிரிவு 35107 கேட்பது இவ்வளவுதான்: வயது 18, கலிஃபோர்னியா குடிமகன், அந்தப் பள்ளி டிஸ்ட்ரிக்டில் குடியிருப்பு, வாக்காளர் பதிவு, பதவி வகிக்கச் சட்டத்தடை இல்லாமை. படிப்புத் தகுதி என்று எதுவும் இல்லை. பள்ளிப் படிப்பை முடிக்காதவரும் நிற்கலாம். பிறந்த நாடு பற்றிய நிபந்தனை அதிபர், துணை அதிபர் பதவிகளுக்கு மட்டுமே. வாக்காளராகப் பதிவு செய்ய அமெரிக்கக் குடியுரிமை வேண்டும் என்பதால் கிரீன் கார்டில் இருப்பவர் நிற்க முடியாது.

இன்னொன்றையும் முதலிலேயே பார்த்துவிடுங்கள். பல டிஸ்ட்ரிக்டுகள் இப்போது பகுதி பிரித்துத் தேர்தல் நடத்துகின்றன. அங்கே டிஸ்ட்ரிக்டுக்குள் வீடு இருந்தால் போதாது, அந்தப் பகுதிக்குள் இருக்க வேண்டும். ஒரே தெருவின் இரண்டு பக்கமும் வெவ்வேறு பகுதியில் விழலாம். கவுண்டி தேர்தல் அலுவலகத்தில் முகவரியைக் கொடுத்துக் கேட்டுவிட்டு மற்ற வேலையைத் தொடங்குங்கள்.

கேள்வி: 200 சொல்லில் வளர்ந்த கதைக்கு எவ்வளவு ஒதுக்கலாம்? அப்பா விவசாயி, தெருவிளக்கில் படிப்பு, இதெல்லாம் எழுதலாமா?

முதலில் சட்டம். தேர்தல் சட்டம் பிரிவு 13307 இந்தக் குறிப்பை வேட்பாளரின் "கல்வியும் தகுதிகளும்" பற்றிய சுருக்கமான விவரம் என்கிறது. பெயர், வயது, தொழில் சேர்க்கலாம். அளவு 200 சொல். டிஸ்ட்ரிக்ட் அனுமதித்தால் 400 வரை போகலாம். பிரிவு 13308-இன்படி உங்களைப் பற்றி மட்டுமே எழுத வேண்டும். வேறு வேட்பாளரைப் பற்றி, அவர் தகுதி, குணம், செயல் எதைப் பற்றியும் ஒரு வரி வரக்கூடாது. "இப்போதிருப்பவர்களைப் போல் நான் தூங்க மாட்டேன்" என்று மறைமுகமாகக் குத்தினாலும் நீதிமன்றம் வரை இழுக்கலாம்.

நான் சொல்லும் கணக்கு: வளர்ப்புக்கு 25 முதல் 30 சொல், படிப்புக்கு 30, வேலைக்கு 45, பள்ளிகளில் நேரடியாகச் செய்த பணிக்கு 70. மிச்சம் ஆதரவாளர் பெயர்களுக்கும் இணைய முகவரிக்கும். வறுமைக் கதை தன்னளவில் ஓட்டு வாங்காது. அது போர்டு வேலையோடு இணைந்தால்தான் பயன். "கிராமத்தில் ஏழைக் குடும்பத்தில் பிறந்து கடினமாக உழைத்து முன்னேறினேன்" என்பதில் வாக்காளருக்கு ஒன்றும் இல்லை. யாரும் எழுதக்கூடிய வரி. "குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். பள்ளியில் சத்துணவு சாப்பிட்டுப் படித்தேன். இலவச மதிய உணவு எங்கள் டிஸ்ட்ரிக்டின் எல்லாக் குழந்தைக்கும் தரமாகக் கிடைப்பதை முதல் வேலையாகப் பார்ப்பேன்" என்றால் வளர்ப்புக்கும் பதவிக்கும் தொடர்பு தெரிகிறது. கலிஃபோர்னியாவில் 2022-23 கல்வியாண்டிலிருந்து பொதுப் பள்ளிகளில் எல்லா மாணவருக்கும் உணவு இலவசம் என்பதால் இந்த வரி வாக்காளர் காதில் சரியாக விழும்.

சொல் எண்ணும் விதி பிரிவு 9-இல் இருக்கிறது. நிறுத்தற்குறிக்குக் கணக்கில்லை. ஊர்ப்பெயர், நிறுவனப் பெயர் போன்ற சிறப்புப் பெயர் எத்தனை சொல்லாக இருந்தாலும் ஒன்றுதான். இலக்கத்தில் எழுதிய எண் ஒரு சொல்; எழுத்தில் எழுதினால் ஒவ்வொரு சொல்லும் தனித்தனி. தேதி ஒன்று, இணைய முகவரி ஒன்று. எனவே கல்லூரிப் பெயரைச் சுருக்கி எழுதி மிச்சம் பிடிக்க வேண்டாம். முழுப் பெயராகவே போடுங்கள், கணக்கு ஏறாது. தடித்த எழுத்து, அடிக்கோடு, முழுக்கப் பெரிய எழுத்து ஆகியவற்றைப் பல கவுண்டிகள் ஏற்பதில்லை. அவர்களே ஒரே மாதிரி பத்தியாக மாற்றிவிடுவார்கள். அந்த அலங்காரத்தை நம்பி வரிகளை அமைக்காதீர்கள்.

கேள்வி: கோயம்புத்தூரில் தனியார் கல்லூரியில் 1995–99 பி.இ. படித்தேன். எல்லோரும் போல "அண்ணா யுனிவர்சிட்டி" என்று போட்டுவிடலாமா? லிங்க்ட்இன்னில் அப்படித்தான் இருக்கிறது.

போடவே கூடாது. நம்மவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இதுதான். பொய் சொல்லும் எண்ணமே இல்லாமல் சறுக்குகிறார்கள்.

அண்ணா பல்கலைக்கழகம் 1978-இல் தொடங்கியது. தமிழ்நாட்டின் தனியார் பொறியியல் கல்லூரிகள் அதன் இணைப்பின்கீழ் வந்தது 2001-இல்தான். அதற்கு முன் அந்தந்த வட்டாரப் பல்கலைக்கழகம்தான் பட்டம் கொடுத்தது: கோவை என்றால் பாரதியார், திருச்சி என்றால் பாரதிதாசன், மதுரை என்றால் மதுரை காமராசர், நெல்லை என்றால் மனோன்மணியம் சுந்தரனார், சென்னை வட்டாரம் என்றால் சென்னைப் பல்கலைக்கழகம். உங்கள் பட்டச் சான்றிதழில் அநேகமாகப் பாரதியார் என்றுதான் இருக்கும். யாராவது அண்ணா பல்கலைக்கழகத்துக்கு எழுதிச் சரிபார்க்கக் கேட்டால் "அப்படி ஒரு மாணவர் பதிவில் இல்லை" என்று பதில் வரும். "போலிப் பட்டம்" என்று தலைப்புப் போட அந்த ஒரு வரி போதும். பிறகு நீங்கள் இணைப்பு வரலாறு சொல்லி விளக்குவதற்குள் தேர்தல் முடிந்துவிடும்.

2001-க்குப் பிறகு படித்தவர்களும் கவனியுங்கள். 2007-இல் அண்ணா பல்கலைக்கழகம் சென்னை, கோவை, திருச்சி, நெல்லை என்று பிரிந்தது, பிறகு மதுரையும் சேர்ந்தது, 2012-இல் மீண்டும் ஒன்றானது. இடையில் பட்டம் வாங்கியவரின் சான்றிதழில் ஊர்ப்பெயரோடு இருக்கலாம்.

விதி எளிது. பட்டமளிப்புச் சான்றிதழைக் கையில் எடுங்கள். ஆங்கிலத்தில் மேலே அச்சான பல்கலைக்கழகப் பெயர், பட்டத்தின் பெயர், ஆண்டு, இம்மூன்றையும் எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுதுங்கள். கல்லூரிப் பெயரும் வேண்டுமென்றால் "இந்தக் கல்லூரி, இன்ன பல்கலைக்கழகம்" என்று சேர்த்துப் போடுங்கள். லிங்க்ட்இன்னை இன்றே திருத்திவிடுங்கள். கையேட்டில் ஒன்றும் லிங்க்ட்இன்னில் வேறொன்றும் இருந்தால் முதலில் எடுத்துக் காட்டப்படுவது அந்த முரண்பாடுதான்.

கேள்வி: பாலிடெக்னிக் டிப்ளமா முடித்தேன். இங்கே எம்.எஸ். சேர்ந்து இரண்டு கோர்ஸ் பாக்கியோடு விட்டுவிட்டேன். எப்படி எழுதுவது?

வெறும் "டிப்ளமா" என்றால் இங்கே உள்ளவர் உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் என்றே நினைப்பார். "இயந்திரவியலில் மூன்றாண்டு பாலிடெக்னிக் டிப்ளமா" என்று எழுதுங்கள். முடிக்காத எம்.எஸ். பற்றி எழுதுவதென்றால் "முதுகலைப் பாடங்கள் படித்தேன்" என்ற அளவோடு நிறுத்துங்கள். "எம்.எஸ்., இன்ன பல்கலைக்கழகம்" என்று மட்டும் போட்டால் பட்டம் வாங்கியதாகத்தான் பொருள். குறிப்பில் முக்கியமான விஷயத்தைத் தெரிந்தே பொய்யாக எழுதி வாக்காளரைத் தவறான எண்ணத்துக்குக் கொண்டுபோனால் பிரிவு 18351-இன்கீழ் 1,000 டாலர் வரை அபராதம். அபராதத்தைவிடப் பெரிய நஷ்டம் பெயருக்கு. கல்வியை மேற்பார்வை செய்யப் போகிறவர் தன் படிப்பைப் பற்றியே தவறாக எழுதினால் அதற்குப் பிறகு எதைச் சொன்னாலும் எடுபடாது.

கேள்வி: முதல் ஆறு வருடம் கன்சல்டன்சி மூலமாக ஒரு பெரிய நிறுவனத்தில் வேலை. அந்த நிறுவனத்தின் பெயரைப் போடலாம்தானே?

சம்பளம் யார் கொடுத்தார்கள் என்று பாருங்கள். ஆண்டுக் கடைசியில் வரும் டபிள்யூ-2 படிவத்தில் முதலாளி என்று யார் பெயர் இருக்கிறதோ அவரிடம்தான் நீங்கள் வேலை பார்த்தீர்கள். பெரிய நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் விசாரித்தால் ஒப்பந்தப் பணியாளர் பெயர் பெரும்பாலும் வராது. "இன்ன நிறுவனத்துக்காக ஒப்பந்தப் பொறியாளராக" என்று எழுதினால் உண்மையும் நிற்கும், பெயரும் வரும்.

இந்தியாவில் பார்த்த முதல் வேலைக்கு ரிலீவிங் லெட்டர் இருந்தால் அந்த ஆண்டுகளைப் போடலாம். இல்லையென்றால் ஆண்டைக் குறிப்பிடாமல் வேலையின் தன்மையை மட்டும் சொல்லுங்கள். வேலையைச் சொல்லும்போது போர்டுக்குப் பயன்படும் பக்கத்தைக் காட்டுங்கள். ஸ்கூல் போர்டின் முக்கிய வேலை பட்ஜெட் நிறைவேற்றுவது, சூப்பரின்டெண்டெண்டை (டிஸ்ட்ரிக்டின் தலைமை நிர்வாகி) நியமித்து மதிப்பிடுவது, கொள்கை வகுப்பது. ஆகவே "ஜாவா டெவலப்பர்" என்பதைவிட "ஆண்டு பட்ஜெட் போட்டு, ஒப்பந்தங்களைப் பேசி முடித்த அனுபவம்" எடுபடும், அதை நிஜமாகவே செய்திருந்தால்.

கேள்வி: மேடம், நான் எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் துணைக்கானது) வந்தவள். 2008-இலிருந்து 2016 வரை வேலையே இல்லை. அந்த எட்டு வருடத்தை எப்படி மறைப்பது?

மறைக்க வேண்டாம்மா, அதில் மறைக்க ஒன்றுமே இல்லை. எச்-4-இல் இருந்தவர்களுக்கு வேலை அனுமதி கிடைக்கத் தொடங்கியதே 2015 மே 26 முதல்தான், அதுவும் கணவர் அல்லது மனைவியின் கிரீன் கார்டு மனு குறிப்பிட்ட கட்டத்தைத் தாண்டியிருந்தால் மட்டும். அந்த எட்டு வருடத்தில் பெரும்பகுதி சட்டம் அனுமதிக்காத காலம். குறிப்பில் அதை விளக்கவும் தேவையில்லை. மேடையில் கேட்டால் இரண்டு வரியில் சொல்லுங்கள்.

அந்த ஆண்டுகளில் பள்ளியில் என்ன செய்தீர்கள் என்று உட்கார்ந்து பட்டியல் போடுங்கள். நம் பெண்கள் இதைத்தான் "சும்மா வாலண்டியர்" என்று தள்ளிவிடுகிறார்கள். ஸ்கூல் சைட் கவுன்சிலில் இருந்தீர்களா? அதில் பெற்றோர் பிரதிநிதிகளைப் பெற்றோர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். மாணவர் முன்னேற்றத்துக்கான பள்ளித் திட்டத்தையும் அதற்கான செலவையும் அந்தக் குழு வகுக்கிறது. "பெற்றோரால் தேர்ந்தெடுக்கப்பட்ட சைட் கவுன்சில் உறுப்பினர்" என்பது மென்பொருள் வேலையைவிட இந்தப் பதவிக்கு நெருக்கமான தகுதி. பி.டி.ஏ. (பெற்றோர் ஆசிரியர் சங்கம்) பொருளாளராக இருந்தீர்களா? எத்தனை ஆண்டு, எவ்வளவு தொகை கையாண்டீர்கள் என்று கூட்டக் குறிப்பைப் பார்த்து எழுதுங்கள். 2013-இல் வந்த மாநில நிதி முறைப்படி டிஸ்ட்ரிக்ட் தன் செலவுத் திட்டத்தைப் பெற்றோர் ஆலோசனைக் குழுவின் முன் வைக்க வேண்டும். அதில் உட்கார்ந்திருந்தால் அதுவும் மேலே வர வேண்டியது.

கேள்வி: மார்ச்சில் லே-ஆஃப். வாக்குச்சீட்டில் "சாஃப்ட்வேர் இன்ஜினியர்" என்று போடலாமா?

போடலாம். பிரிவு 13107-இன்படி இப்போதைய முக்கியத் தொழில், அல்லது மனு கொடுக்கும் ஆண்டுக்கு முந்தைய காலண்டர் ஆண்டில் பார்த்த முக்கியத் தொழில், அதிகபட்சம் மூன்று சொல். 2026-இல் மனு என்றால் 2025-இல் அந்த வேலை இருந்திருக்க வேண்டும். 2024-இலேயே வேலை போய் 2025 முழுக்க இல்லை என்றால் முடியாது. "முன்னாள்" என்ற சொல்லே கூடாது. "சிறந்த", "நிபுணர்" போன்ற புகழ்ச்சியும் கூடாது. ஆரம்பகால வேலைகளுக்கு இந்த மூன்று சொல்லில் இடமில்லை. அவை 200 சொல் குறிப்புக்குள் போக வேண்டியவை.

அலுவலகம் உங்கள் சொற்களை ஏற்காவிட்டால் பதிவுத் தபாலில் தெரிவிக்கும். கிடைத்ததிலிருந்து சனி, ஞாயிறு, விடுமுறை நீங்கலாக மூன்று நாளுக்குள் மாற்றுச் சொல் கொடுக்க வேண்டும். தவறினால் பெயருக்குக் கீழே வெற்றிடம்தான். எனவே ஆகஸ்டில் ஊருக்குப் போகிற திட்டம் இருந்தால் தள்ளிவையுங்கள்.

கேள்வி: வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் பத்து வருடமாகச் சொல்லிக்கொடுக்கிறேன். "டீச்சர்" அல்லது "தமிழ் டீச்சர்" என்று போடலாமா அக்கா?

உங்கள் பணி பெரிது, ஆனால் வாக்குச்சீட்டில் வேண்டாம். வாரம் இரண்டு மணி நேரம் முக்கியத் தொழில் ஆகாது. வார நாளில் வேறு வேலை பார்த்துக்கொண்டு "டீச்சர்" என்று போட்டால் ஆசிரியர் உரிமம் வைத்திருப்பவர் என்று வாக்காளர் நினைப்பார். "தவறான எண்ணம் தருவது" என்று யாரும் எதிர்க்கலாம். "தமிழ்" என்ற சொல்லை இனக்குழுவைக் குறிப்பது என்றும் ஆட்சேபிக்க இடமுண்டு. அதற்கும் தடை இருக்கிறது. "கம்யூனிட்டி வாலண்டியர்" என்று போட வேண்டுமென்றால் அது ஒன்றே உங்கள் முக்கியப் பணியாக இருக்க வேண்டும். வேறு தொழிலோடு சேர்த்து எழுதக்கூடாது. தமிழ்ப் பள்ளி அனுபவத்தை 200 சொல் குறிப்பில் எழுதுங்கள்: எத்தனை ஆண்டு, எந்த வயதுப் பிள்ளைகள், இருமொழிக் குழந்தைகளோடு என்ன வேலை.

கேள்வி: கல்லூரியில் ஒரு கட்சியின் மாணவர் அணிச் செயலாளராக இருந்தேன். தலைமைப் பண்பு என்று சேர்க்கலாமா?

வேண்டாம். கட்சி சார்பையும், கட்சி சார்ந்த அமைப்புகளில் உறுப்பினராக இருந்ததையும் அங்கே செயல்பட்டதையும் குறிப்பில் எழுதச் சட்டம் தடை செய்கிறது. அமெரிக்கக் கட்சி மட்டும்தான் என்று அந்த வரியில் இல்லை. கல்லூரி மாணவர் பேரவைத் தேர்தலில் ஜெயித்திருந்தால் அதை எழுதலாம்.

கேள்வி: பெயருக்கு முன் "டாக்டர்", பின்னால் "பிஎச்.டி." வருமா? சான்றிதழில் இனிஷியலோடும் பாஸ்போர்ட்டில் அப்பா பெயரோடும் இருக்கிறது.

வாக்குச்சீட்டில் பெயர் இருக்கும் வரியில் பட்டமோ பட்டப்பெயரோ வராது, பிரிவு 13106. பெயர் விஷயத்தில் வாக்காளர் பதிவில் உள்ளபடி போவது நல்லது. கோர்ட் மூலமாகவோ திருமணத்தாலோ அல்லாமல் ஓராண்டுக்குள் மாற்றிய பெயர் ஏறாது. பட்டம் வாங்கிய பெயரும் இப்போதைய பெயரும் வேறு என்றால், இரண்டும் ஒருவரே என்று காட்டும் குடியுரிமைச் சான்றிதழ் அல்லது திருமணச் சான்றிதழின் நகலைப் பட்டச் சான்றிதழோடு சேர்த்து ஒரே கோப்பில் வையுங்கள். பல்கலைக்கழகச் சரிபார்ப்பு தோற்பது பெரும்பாலும் இந்தப் பெயர்க் குழப்பத்தால்தான்.

கேள்வி: நான் வாக்காளர். ஒரு வேட்பாளர் எழுதியிருப்பது சரியா என்று எப்படிப் பார்ப்பது?

கேட்க வேண்டிய கேள்வி. மனுத்தாக்கல் கெடு முடியும்வரை குறிப்புகள் ரகசியம். முடிந்த மறுநாளிலிருந்து 10 நாள் பொதுமக்கள் பார்வைக்கு வரும். தவறு இருந்தால் அந்த 10 நாளுக்குள்தான் வாக்காளர் நீதிமன்றத்துக்குப் போய் நீக்கவோ திருத்தவோ கேட்கலாம். வலுவான, தெளிவான ஆதாரம் வேண்டும், சந்தேகம் போதாது.

ஆசிரியர் என்று சொன்னால் மாநில ஆசிரியர் உரிம ஆணையத்தின் இணையதளத்தில் பெயரைப் போட்டாலே உரிமம் தெரியும். வழக்கறிஞர் என்றால் ஸ்டேட் பார் தளம். வேட்பாளர் கொடுக்கும் படிவம் 700 பொது ஆவணம்; வருமானம் எங்கிருந்து வருகிறது, டிஸ்ட்ரிக்டோடு வியாபாரத் தொடர்பு உண்டா என்பதை அதில் பார்க்கலாம். லீக் ஆஃப் விமன் வோட்டர்ஸ் என்ற கட்சி சாராத வாக்காளர் அமைப்பு பல ஊர்களில் நடத்தும் வேட்பாளர் கூட்டத்துக்குப் போய் "எந்த ஆண்டு, எந்தப் பட்டம்" என்று மரியாதையாகக் கேளுங்கள். ஒழுங்காக எழுதியவர் கேள்வி முடிவதற்குள் பதில் சொல்லிவிடுவார். பிறப்பு, மதம், குடியுரிமை பெற்ற விதம் இவற்றைத் துருவ வேண்டாம், பதவிக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை.

கேள்வி: குறிப்பைக் கொடுத்த பிறகு பட்டம் வாங்கிய ஆண்டு தப்பு என்று தெரிந்தால்?

மாற்ற முடியாது. திரும்பப் பெற மட்டுமே முடியும், அதுவும் மனுத்தாக்கல் முடிந்த அடுத்த வேலை நாள் மாலை 5 மணி வரை. 2026-இல் அது ஆகஸ்ட் 10, திங்கள்கிழமை. ஆகவே கொடுக்கும் முன் குறிப்பை அச்செடுத்து, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் எந்தச் சான்றிதழ் ஆதாரம் என்று எழுதிப் பாருங்கள். ஆதாரம் இல்லாத வரியை அடித்துவிடுங்கள்.

கேள்வி: செலவு, தேதி, படிவம்?

மனுத்தாக்கல் 2026 ஜூலை 13 முதல் ஆகஸ்ட் 7 வரை. பதவியில் இருப்பவர் மனு கொடுக்காவிட்டால் மற்றவர்களுக்கு ஆகஸ்ட் 12 வரை நீளும். ஸ்கூல் போர்டுக்குப் பெரும்பாலும் மனுக் கட்டணமும் கையெழுத்துச் சேகரிப்பும் இல்லை. ஆனால் 200 சொல் குறிப்பை அச்சிடும் செலவு பெரும்பாலும் வேட்பாளர் தலையில்தான், டிஸ்ட்ரிக்டின் வாக்காளர் எண்ணிக்கையைப் பொறுத்து மாறும். தொகையை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். குறிப்புக் கொடுப்பது கட்டாயம் இல்லை.

படிவங்கள்: வேட்பாளர் உறுதிமொழி (பொய்யானால் பொய்ச்சாட்சிக் குற்றம்), படிவம் 700, தொழில் விவரத் தாள், பணம் வசூலிக்கவோ செலவழிக்கவோ தொடங்கும் முன் படிவம் 501 (தேர்தலில் நிற்கும் எண்ணத்தை அறிவிப்பது). வரவும் செலவும் 2,000 டாலருக்குள் என்றால் படிவம் 470 போதும். தாண்டினால் குழுவாகப் பதிவு செய்யப் படிவம் 410. அதே டிஸ்ட்ரிக்டில் ஊழியராக இருப்பவர் ஜெயித்தால் பதவியேற்கும் முன் வேலையை விட வேண்டும். கடைசி நாள் மாலை வரிசையில் நிற்காமல் முதல் வாரமே போங்கள். கவுண்டரில் சொல் எண்ணிக்கையை அவர்களே சரிபார்த்துச் சொல்வார்கள்; கூடினால் வீட்டுக்கு வந்து வெட்ட நேரம் இருக்கும்.